கார்டு நம்பர் 417

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. 2024 ஜூன் 19, புதன்கிழமை. பகல் 1:05-க்குத் தொடங்கி 2:50-க்கு முடிந்தது. ஜூடி கதை கட்டுகிறவளாக இருந்தால் அமாவாசை, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று நாலு சாமான் சேர்த்திருப்பாள். அவளுக்கு அதெல்லாம் வராது. பார்த்ததைப் பார்த்தபடிதான் சொல்லுவாள், அதுவும் மணி நிமிஷத்தோடு. அவள் சொன்னதில் நான் ஒன்றையும் கூட்டவில்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை.

ஜூடிக்கு நாற்பத்து மூன்று வயது. ராயபுரத்தில் அம்மா இருதயம்மாளோடு இருக்கிறாள். ரிச்சி தெருவில் ஒரு கடையில், பழைய மெஷின்களின் போர்டுகளைச் சரி செய்வது வேலை. மற்றவர்கள் குப்பை என்று தள்ளிவிடும் போர்டைக் கையில் எடுத்து, இது இன்ன மெஷினில் இன்ன இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் பழைய இரும்புக் காண்டிராக்டர் அய்யாத்துரை அவளைத் தேடி வந்தார்.

எண்ணூர் பக்கம் ஒரு சாயப்பொடிக் கம்பெனி. பெயர் வேண்டாம். முப்பத்தெட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கோர்ட் கேஸ் ஒருவழியாக முடிந்து, உள்ளே இருப்பதை உடைத்து விற்கும் காண்டிராக்ட் அய்யாத்துரைக்குக் கிடைத்திருந்தது. உடைக்கப் போனவர் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் அறையைப் பார்த்தார். அந்தக் காலத்து மினி கம்ப்யூட்டர். பெயர்தான் மினி, ஒன்றொன்றும் பீரோ உயரம். கோயம்புத்தூரில் சங்கரநாராயணன் என்று ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் இருக்கிறார், மற்றவர்கள் தபால் தலை சேர்ப்பதுபோல் இவர் இவற்றைச் சேர்த்து உயிர் கொடுப்பவர். அவர் காதுக்கு விஷயம் போயிற்று. என்ன டிஸ்க் டிரைவ், என்ன கண்ட்ரோலர் என்று தெரிந்தால் அவற்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை உடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அய்யாத்துரை ஒரே ஒரு மத்தியானம் டைம் கொடுத்தார்.

கம்பெனி பெயரைக் கேட்டதும் ஜூடி சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா செல்வநாதன் அங்கேதான் வேலை பார்த்தார். குளோரின் வால்வு ஆபரேட்டர், கார்டு நம்பர் 417. காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை ஷிப்டு. அடுத்த ஷிப்டு ஆள் வந்து நின்ற பிறகுதான் வால்வை விட்டு நகர வேண்டும். 1986 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2:30-க்கு அங்கே காஸ் கசிந்தது. ஐந்து பேர் செத்தார்கள். ஐந்து உடலும் கிடைத்தன. செல்வநாதன் மட்டும் கிடைக்கவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை.

விசாரணையில் கம்பெனி ஓர் அச்சடித்த பட்டியலைக் கொடுத்தது. கம்ப்யூட்டர் போட்ட பட்டியல். அதில் 417-க்கு நேராக, ‘அவுட் 2:10’ என்று இருந்தது. அவ்வளவுதான். மாற்று ஆள் வருவதற்கு முன்பே வால்வை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான், காஸ் கசிந்தது தெரிந்ததும் பயந்து ஓடிவிட்டான் என்று முடிவாகிவிட்டது. செத்த ஐந்து பேரில் இரண்டு பேருடைய வீடு ஜூடியின் தெருவிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் இருதயம்மாளோடு பேசியதில்லை. ‘அஞ்சு பேர சாவடிச்சிட்டு ஓடுனவன் பொண்டாட்டி’ என்று குழாயடியில் பேர் வைத்தார்கள். ஜூடிக்கு வந்த இரண்டு வரன்களும் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போயின.

இருதயம்மாள் தாலியைக் கழற்றவில்லை. புருஷன் பெயருக்கு ஒரு பூசைகூட வைத்ததில்லை. செத்தார் என்று தெரியாமல் எப்படி வைப்பது? கல்லறைத் திருநாள் அன்றைக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகப் போகும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

ஜூடிக்கு ஒரு கணக்கு இருந்தது. கம்பெனி கொடுத்தது அச்சடித்த பட்டியல். டிபார்ட்மெண்ட் வாரியாக அடுக்கிக் கொடுத்தது. யார் எப்போது கார்டு போட்டார்கள் என்பது போட்ட வரிசையிலேயே உள்ளே டிஸ்க்கில் இருக்கும். அந்த டிஸ்க் கிடைத்தால் அப்பா ஓடினாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓடியிருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். மனசுக்குள் அப்படி இல்லை.

1:05. கம்பெனி வாசல். வெயில் மண்டையைப் பிளந்தது.

“கரண்ட் இருக்கா அண்ணாச்சி?”

“கரண்டா? ஈபிக்காரன் மீட்டரையே கழட்டிட்டுப் போயிட்டான். வயரை எல்லாம் களவாணிப் பயலுவ செம்புக்கு அறுத்துட்டுப் போயிட்டானுவ. டார்ச்ச வச்சுப் பாத்துக்கோ.” அய்யாத்துரை இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை எடுத்தார். “நாலு மணிக்கு லாரி வந்துரும். வந்துட்டா நிக்க மாட்டான். எது வேணும், எது வேண்டாம்னு அதுக்குள்ள சொல்லிரு. மிச்சத்தை ஒடச்சிருவேன்.”

“சொல்லிடறேன். நீங்க எங்க இருப்பீங்க?”

“அந்தக் கடைசி ஷெட்டுல. பயந்து கியந்து தொலைக்காத.”

கம்ப்யூட்டர் அறை ஆபீஸ் கட்டடத்தின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவை ஒட்டி வெளிப்பக்கச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, நடுவில் கீறல்போல் ஒரு துவாரம். தொழிலாளிகள் கார்டு செருகும் பெட்டி. செருகினால் மணி அடிக்கும். ஜூடி அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

1:20. வேலையைத் தொடங்கினாள்.

மூன்று பீரோக்கள் வரிசையாக நின்றன. முதலாவதில் போர்டுகள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் டிரைவ்கள், மேஜை டிராயர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. மொத்தம் மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் தோசைக் கல் அகலத்துக்கு ஒரு வட்டத் தட்டு இருக்கும், பிளாஸ்டிக் உறையோடு. அதுதான் அந்தக் காலத்து டிஸ்க். இன்றைக்கு நம் போனில் எடுக்கும் மூன்று போட்டோவுக்கு அதில் இடம் போதாது. அந்த இடத்தில்தான் ஒரு தொழிற்சாலையே எழுதப்பட்டிருந்தது.

சங்கரநாராயணன் முந்தின நாள் அனுப்பிய குரல் செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

“ஏங்க, முன்னாடி இருக்கற நம்பர் பட்டனை நம்பிராதீங்க. அதைப் புடுங்கி எதுல வேணா சொருகலாம். பின்னாடி தகட்டைப் பாருங்க. போர்டுக்குக் கைப்பிடியில நம்பர் இருக்கும். எந்தத் தட்டு எந்த டிரைவ்ல இருந்துச்சுன்னு எழுதிக்கோங்க. மாத்திப் போட்டா ஒண்ணுமே படிக்க வராதுங்க.”

1:32-க்குக் கண்ட்ரோலர் போர்டைக் கண்டுபிடித்துவிட்டாள். டிரைவ்களுக்கு உத்தரவு போடும் போர்டு அதுதான். கைப்பிடி நம்பரைத் துடைத்துப் போட்டோ எடுத்தாள். அதிலிருந்து பட்டையாக ஒரு சாம்பல் நிற கேபிள் கிளம்பி முதல் டிரைவுக்குப் போய், அங்கிருந்து இரண்டாவதுக்குப் போய், மூன்றாவதில் முடிந்தது. 1:48-க்குப் பின்பக்கத் தகடுகளைப் பார்த்து முடித்தாள். மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. ஆனால் தகட்டின்படி முதல் டிரைவ் பழைய வகை, கொள்ளளவு பாதிதான். மற்ற இரண்டும் புதிய வகை. நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்றின் கரண்ட் வயரும் ஒரு முழம் நீளத்தில் அறுபட்டுக் கிடந்தது. அதையும் எழுதிக்கொண்டாள். அது அவள் பழக்கம்.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 0 சிஸ்டம். 1 ஸ்டோர்ஸ். 2 அட்டெண்டன்ஸ்.

இரண்டு. மூன்றாவது டிரைவ்.

இந்த டிரைவ்களின் மூடிக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் இல்லாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். கரண்ட் வந்து, சுற்றும் தட்டு முழுசாக நின்ற பிறகுதான் ‘டக்’ என்று பூட்டு விடும். கரண்ட் இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டும். முதல் இரண்டையும் அப்படித்தான் திறந்தாள். முதலாவதுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே பூசணமும் எலிப் புழுக்கையும்.

2:02. மூன்றாவது டிரைவின் அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு போனாள். இடது கை மூடியின் மேல் சும்மா பட்டது.

மூடி திறந்துகொண்டது.

உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. தட்டின் உறையில் கம்பெனி முத்திரை, கீழே மையில் எழுதிய சீட்டு. அட்டெண்டன்ஸ், 1986. ஜூடி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

லேசாகச் சூடாக இருந்தது.

வெயில் காலம், மூடிய அறை, சூடாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டும் ஏன் சூடாக இல்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தட்டைத் தூக்குவதற்கு அதன் அடி மூடி வேண்டும். வெறும் தட்டைக் கையால் எடுத்தால் கீறல் விழும். எதிர்ச் சுவர் அலமாரியில் அந்த மூடிகள் அடுக்கியிருந்தன. போய் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பத்து அடி தூரம்.

2:09. டிரைவ் மூடியிருந்தது.

அவள் மூடவில்லை. மூடிய சத்தமும் கேட்கவில்லை. கையால் இழுத்தாள், வரவில்லை. ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினாள். உள்ளே இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது. நெம்ப நெம்ப உள்ளங்கை வலித்தது.

2:10. போர்டு பீரோவுக்குள் ஏதோ... டக்.

தகரம் வெயிலில் விரிகிற சத்தம் என்று நினைத்தாள். டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கண்ட்ரோலர் போர்டு அவள் விட்ட இடத்திலேயே இருந்தது.

2:14. வாசனை வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை. முதலில் லேசாக. பிறகு கண்ணைக் கரித்தது.

குளோரின் அப்படித்தான் மணக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

வெளியே போய்விடலாம் என்று இருந்தது. போய்விட்டால் மறுபடி உள்ளே வரத் தைரியம் வராது என்றும் தெரிந்தது. நாலு மணிக்கு லாரி. சுத்தியல் அடி ஒன்று விழுந்தால் தட்டு தூள். ஜூடி துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

2:19. ஒரு முனகல்.

மிக மெல்லிய சத்தம். எங்கே இருந்து என்று முதலில் புரியவில்லை. கையை டிரைவின் மேல் வைத்தாள்.

அதிர்ந்தது.

டார்ச்சைப் பின்பக்கம் அடித்தாள். கரண்ட் வயர் அறுந்தபடியேதான் கிடந்தது. செம்பு நுனி பச்சை பூத்திருந்தது.

முனகல் ஏறியது. உள்ளே தட்டு சுற்றத் தொடங்கிவிட்டது. மெதுவாக... வேகமாக... இன்னும் வேகமாக. கடைசியில் ஒரே சீராக இரைந்தது.

2:24. முன்னால் இருந்த நம்பர் பட்டனில் வெளிச்சம் வந்தது.

2.

வெள்ளையாக, ஒரு மெழுகுவத்தி அளவு வெளிச்சம். அந்த எண் எரிந்தால் ‘நான் தயார்’ என்று அர்த்தம். எழுதவும் தயார், படிக்கவும் தயார்.



2:28. டிக்... டிக்... டிக்... உள்ளே தட்டைப் படிக்கும் ஊசி நகர்ந்தது. எதையோ தேடும் சத்தம். பிறகு நின்றது.

எதற்கோ காத்திருந்தது.

2:31.

கதவுக்கு வெளியே... டிங்.

கார்டுப் பெட்டி.

டிக், என்றது டிரைவ். ஒரே ஒரு தடவை.

ஜூடி திரும்பவில்லை.

ரப்பர் பூட்ஸ் சத்தம். ஈரத்தில் நடக்கிற மாதிரி.

சளக்...

சளக்...

அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

மூச்சுச் சத்தம் இல்லை. வாசனை மட்டும்.

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஐந்து வயசில் கடைசியாகப் பார்த்தது. முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. பயமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எது எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“நான் இத எடுத்துக்கினு போவணும்,” என்றாள்.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

“நாலு மணிக்கு ஒடச்சிடுவாங்க.”

சுற்றிக்கொண்டே இருந்தது.

“அம்மா இன்னும் அப்பிடியே குந்திக்கினு கீது. கல்லறைக்கும் போவல. எங்கியும் போவல.”

இரைச்சல் இறங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக. முனகல் ஆனது. அதுவும் ஓய்ந்தது. பட்டன் வெளிச்சம் அணைந்தது.

அப்புறம்... டக்.

மூடியின் பூட்டு விட்டது.

2:36. ஜூடி அடி மூடியைப் பொருத்தித் தட்டைத் தூக்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டு கதவுக்கு வந்தாள். வந்ததும் ஓடினாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. 2:50-க்கு அய்யாத்துரை பார்த்தபோது வாசலில், சுடுகிற சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, நெழல்ல உக்காரக் கூடாதா? ஒம்மேல என்ன, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கி?”

“உள்ள வேற யாரையாவது அனுப்பினீங்களா அண்ணாச்சி?”

“வாசல் கேட் சாவி என் இடுப்புல இருக்கு. யாரை அனுப்பப் போறேன்?”

ஜூடி தட்டோடு எழுந்தாள். கண்ட்ரோலர் இருந்த பீரோவையும் மூன்று டிரைவ்களையும் கோயம்புத்தூருக்கு ஒதுக்கச் சொன்னாள். தட்டை மட்டும் லாரியில் ஏற்ற விடவில்லை. வழியில் குலுங்கினால் போயிற்று. சங்கரநாராயணனுக்குப் போன் போட்டாள். இருபத்தொன்பதாம் தேதி ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன், கையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் பீரோ மேல் வைத்தாள்.

“இன்னாடி அது?” என்றாள் இருதயம்மாள்.

“வேல சாமான்மா. பத்து நாள்ல எடுத்துக்கினு பூடுவாங்க.”

இந்த மாதிரிக் கதைகளில் இதற்கப்புறம் வீட்டில் பாத்திரம் உருளும், விளக்கு அணையும். அப்படி எதுவும் இல்லை. ஜூடி காலையில் கடைக்குப் போனாள், ராத்திரி எட்டரைக்கு வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். சங்கரநாராயணன் சொன்ன தேதியில் வந்து தட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்த மத்தியானம் நடந்தது வெயிலில் வந்த மயக்கமோ என்றுகூட அவளுக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை 11:20. கடையில் இருந்தபோது போன் வந்தது. சங்கரநாராயணன்.

“ஓடுதுங்க. நீங்க எழுதிக் குடுத்த குறிப்பு இல்லைன்னா பழைய டிரைவ்ல போட்டுக் கெடுத்திருப்பேன். 417 பத்திக் கேட்டிருந்தீங்கல்ல? படிக்கிறேன், எழுதிக்கோங்க. மார்ச் 14. ரெண்டு மணி, பத்து நிமிசம், ஏழு செகண்ட், 416 அவுட். ஒம்பது செகண்ட், 417 அவுட்.”

ஜூடி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டு செகண்ட். ஓர் ஆள் கார்டைப் போட்டு எடுத்து நகர்ந்து, அடுத்த ஆள் வந்து போடுவதற்கு அது போதாது. இரண்டு கார்டும் ஒரே கையில் இருந்திருக்கின்றன. ஷிப்டு முடிகிற நேரத்தில் பெட்டிக்கு முன்னால் வரிசை நிற்கும். முதலில் போகிறவனிடம் ‘என்னுதையும் சேத்துப் போட்ரு மாமு, நான் பின்னாடியே வர்றேன்’ என்று கார்டைக் கொடுத்து அனுப்புவார்கள். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை அந்த நாளில் அதைச் செய்யாத தொழிலாளி கிடையாது. செல்வநாதன் கார்டைக் கொடுத்தனுப்பிவிட்டு மாற்று ஆளுக்காக வால்வடியிலேயே நின்றிருக்கிறார்.

“416 யாருன்னு கீதா சார்?”

“நோயல்னு இருக்குதுங்க.”

நோயல் மாமா. பக்கத்துத் தெரு. முப்பது வருஷமாகக் கிறிஸ்துமசுக்கு ஒரு கேக்கைக் கொண்டுவந்து இருதயம்மாள் கையில் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் போய்விடுவார். கொரோனாவில் செத்துப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு கார்டையும் போட்டது தான்தான் என்று சொன்னால் ஐந்து வீட்டுச் சாபமும் தன் தலையில் விழும் என்று பயந்திருப்பார்.

“அப்போ எங்கப்பா வெளிய போவல.”

“போகலைங்க. அதுக்கப்புறம் 2:31-க்கு ஒரு வரி இருக்குது. 417 இன்.”

“காஸ் கசிஞ்சப்புறமா?”

“ஆமாங்க.” கார்டு அப்போது நோயலின் பையில் இருந்திருக்கும். “நீங்க இதுல எதுவும் பண்ணலீங்களே? கிளாக்கைத் திருப்பி வச்சு வெளையாடற மாதிரி?”

“இல்ல சார். ஏன்?”

“அதோட முடியலைங்க. மார்ச் 15, 2:31, 417 இன். 16, 2:31, 417 இன். வேற யார் நம்பரும் இல்லை. 417 மட்டும். தெனமும் இன். நடுவுல ஒரு தடவைகூட அவுட் இல்லைங்க. எண்ணிப் பாத்தேன். பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தேழு இன். ஒரு நாள் லீவு இல்லைங்க.”

ஓடிப்போனவன் என்று ஊரே சொன்ன ஆள்.

“எது வரிக்கும் சார்?” ஜூடி மறுபடி பேனாவை எடுத்தாள்.

“இந்த வருசம் ஜூன் 28 வரைக்கும்.”

அவள் தட்டைக் கொண்டு வந்தது 19-ஆம் தேதி. அதற்கப்புறம் ஒன்பது நாள் அது எந்த டிரைவிலும் இல்லை. உறைக்குள், ராயபுரத்தில், அவள் வீட்டுப் பீரோ மேல் இருந்தது.

“28-ல ரெண்டு வரி இருக்குதுங்க. ஒண்ணு 2:31, இன். இன்னொண்ணு சாயந்திரம் 7:42. அவுட். அதான் கடைசி வரி.”

ஜூடி கடையில் சொல்லிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள். வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜூடி முதல் பாதியைச் சொன்னாள். நோயல் மாமா, இரண்டு செகண்ட், அப்பா ஓடவில்லை. இருதயம்மாள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“நீ அதத் தூக்கியாந்தப்பவே அந்த முத்திரைய பாத்தேன். அவுரு சட்டப் பையில அதத் தான தெச்சிருந்துது. மறுநாளு மத்தியானம் ரெண்டரைக்கு அந்த பிளீச்சிங் பவுடர் வாசன வந்துது. அந்த நாற்காலில ஒக்காந்தாரு.”

“யாரும்மா?”

“ஒம்போது நாளும் வந்தாரு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல.” இருதயம்மாள் ஒரு காம்பை உருவிப் போட்டாள். “நான் மொத நாளே நவநாள் ஆரம்பிச்சேன், ஒம்போது நாள் செபம். கடேசி நாளு சாயங்காலம், நீ வர்றதுக்கு முன்னாடி, செத்தவங்களுக்கான செபத்த சொன்னேன். முப்பத்தெட்டு வருசமா வாய்ல வராத செபம். சொல்லிட்டு, போதும், நீ கெளம்புன்னேன். எழுந்து போனாரு.”

ஜூடி பீரோ மேல் தட்டு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். 

“மணி இன்னா இருக்கும்மா அப்போ?”

“மணிய யாரு பாத்தா. பக்கத்து வூட்ல ஏழரை சீரியலு ஆரம்பிச்சி ஒரு பத்து நிமிசம் இருக்கும்.” கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அடுப்படி வாசலில் நின்றாள். “நாளிக்கு ஃபாதரப் பாத்து அவுரு பேருக்குப் பூசைக்கு எழுதிக் குடுத்துடு. முழுப் பேரும் எழுது. செல்வநாதன்னு.”